நிறைந்து வந்த கேன்

என் சாச்சா முகைதீன்பாவாவிடம் ஏதாவது சொல்வதென்றால் இடது பக்கமாகப் போய் நிற்க வேண்டும். வலது காது பாதிதான் கேட்கும். பதினொரு வருடங்களாக முதுகில் இன்ஜினைச் சுமந்து வயல்களுக்கு மருந்தடித்தவர் அவர். இன்ஜினின் புகைக்குழாய் வலது பக்கம் இருந்தது. வாப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி என்பதால் எனக்குச் சாச்சா. ஊரில் மற்றவர்களுக்கு "மெசின் பாவா".

வரிப்பத்தான்சேனையில் மருந்தடிக்கிறவர்கள் நிறையப்பேர். பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஒரு கையால் பம் அடித்து மறு கையால் விசிறும் மருந்துத் தாங்கி. அதைச் சுமந்து ஒரு நாளில் ஓர் ஏக்கர் முடித்தால் பெரிய காரியம். சாச்சாவின் பவர் ஸ்ப்ரேயர் எட்டு ஏக்கர் முடிக்கும். அதன் காற்று நெற்பயிரை வகிடெடுத்தாற்போல் பிரித்து அடிவரைக்கும் மருந்தைக் கொண்டுபோகும். கத்தாரில் எட்டு வருடம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிவிட்டு, சிறுநீரகக் கல்லோடு திரும்பி வந்தவர் வாங்கிய ஒரே பொருள் அதுதான். "இனி ஒருத்தனுக்கும் ஸலாம் போட்டுச் சம்பளம் எடுக்கிறல்ல" என்று அப்போது சொன்னாராம். இதை நதீரா சாச்சி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அவருக்கு ஞாபகப்படுத்துவார், கேலியாக.

அந்த மெசினுக்கு வெறும் பெற்றோல் ஆகாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அது. பெற்றோலோடு கலந்த ஒயில்தான் அதன் உள்ளுறுப்புகளைத் தேயாமல் காப்பாற்றும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அஸர் தொழுதுவிட்டு வந்து அடுக்களைக்குப் பின்னால் குந்திக்கொண்டு அந்த வாரத்துக்கான பெற்றோலைக் கலப்பார். ஐந்து லீற்றர் கறுப்புக் கேன். மகள் றிப்னா குழந்தையாக இருந்தபோது பால் குடித்த போத்தல்தான் அந்த நீல நிற ஒயிலுக்கு அளவு. இருநூறு மில்லிக் கோடுவரை ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒரு சொட்டுக் கூடினாலும் திருப்பி ஊற்றுவார். கேனில் பாதிப் பெற்றோல், அதன்மேல் ஒயில், பிறகு மீதிப் பெற்றோல். மூடியை இறுக்கி, பிஸ்மி சொல்லி, நூறு எண்ணும்வரை குலுக்குவார். வீட்டில் ஓர் இன்ஜின், ஒரு கேன். அதனால் கேனில் எதுவும் எழுதி வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். பௌதிகம் படித்தவன். ஒரு மார்க்கர் பேனையால் இரண்டு சொல் எழுத எனக்கும் தோன்றவில்லை.

கடந்த மாரியில் நெல் கதிர் உள்ளே பிடிக்கும் குடலைப் பருவத்துக்கு வந்த நேரம் இறக்காமம் பக்கத்து வயல்வட்டைகளில் அறக்கொட்டி விழுந்தது. கடுகளவுப் பூச்சி. நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயலின் நடுவில் தீ வைத்தது போல வட்டம் வட்டமாகக் காய்ந்த பின்தான் ஆட்களுக்கே தெரியும். அந்தப் போகம் மருந்தடிக்கப் புதிதாக ட்ரோன்காரர்களும் வந்திருந்தார்கள். தொப்பி போட்ட இரண்டு பொடியன்கள் வரம்பில் நின்று விரலை அசைக்க, மேலே பறக்கும் யந்திரம் பத்து நிமிடத்தில் ஓர் ஏக்கரை முடித்துவிடும். சாச்சாவைக் கூப்பிடுகிற வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மிச்சமிருந்த பெரிய ஆள், கல்முனையில் இருக்கும் ஸலாஹுதீன் போடியார். அவருக்கு எங்கள் வட்டையில் இருபத்துநாலு ஏக்கர் காணி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்தியே சாச்சா அவரைப் பார்க்கக் கல்முனைக்குப் போனார். என் மோட்டார் சைக்கிளில்தான். வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருந்த காலம் எனக்கு.

போடியார் தேத்தண்ணி தந்து நேராகவே கதைத்தார்.

"பாவா, ட்ரோன்காரன் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டான். நான்தான் பொறு எண்டு சொல்லி வெச்சிரிக்கன்."

"ட்ரோன் மேல இலைலதான் தெளிக்கும் போடியார். இந்தப் பூச்சி அடில இரிக்கி. அடிக்கு என்ட மெசின் காத்துத்தான் போகும்."

"அது எனக்கும் தெரியும். ஆனா மூணு நாள்ல முடியணும். நாலாவது நாள் பூச்சி பக்கத்துக் காணிக்குப் போயிட்டுத் திரும்பி வரும். முடியுமா?"

"இன்ஷா அல்லாஹ், நாளைக்குத் தொடங்கினா திங்கள் பின்னேரம் முடிச்சித் தருவன்."

"முடிச்சா இனி எந்தப் போகமும் என்ட காணிக்கு நீங்கதான். முடியாட்டி அவன்தான். மறுகா மனவருத்தப்படக் கூடாது."

திரும்பி வரும்போது பின்னால் இருந்து சாச்சா விடாமல் கதைத்துக்கொண்டு வந்தார். போடியார் காணி நிலைத்தால் அவரைப் பார்த்து மற்றவர்களும் வருவார்கள், இன்னும் ஐந்தாறு வருடம் இந்த மெசினோடு ஓட்டலாம், அதற்குள் றிப்னா உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிடுவாள். "உன்னமாதிரிக் கெம்பஸ் போவாளா மகன்?" என்று கேட்டார். போவாள் என்றேன்.

நாங்கள் கல்முனையில் இருந்த அதே நேரம் வீட்டில் நடந்ததைப் பிறகுதான் அறிந்தோம். ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அடுத்த வளவில் சீனித்தம்பி காக்கா. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். அவருக்குத் தாழ்ந்த நிலம், ஒன்றரை ஏக்கர். அறக்கொட்டிக்கு வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லி விவசாய உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். சீனித்தம்பி காக்கா வோட்டர் பம் வைத்து இறைத்தார். பாதி வடிந்ததும் பெற்றோல் முடிந்தது. ஜும்ஆ முடிந்த கையோடு சாச்சா வீட்டு வேலிப் பக்கம் வந்து நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, மச்சான் இரிக்காரா?"

"கல்முனைக்குப் போயிட்டாரு காக்கா." நதீரா சாச்சி கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார்.

"பம்முக்குப் பெற்றோல் முடிஞ்சி. பாதி வயல் இன்னும் தண்ணிக்குள்ள. குசினிக்குப் பின்னால கேன் ஒண்டு கிடக்குமே?"

"எடுத்திட்டுப் போங்க காக்கா. இதுக்கெல்லாம் கேக்கிறதா?"

அந்தக் கேனில் இருந்தது சாச்சா முந்திய நாள் கலந்து வைத்த பெற்றோல். சீனித்தம்பி காக்கா அதைப் பம்முக்கு ஊற்றினார். பம் வெறும் பெற்றோலில் ஓடும் போர் ஸ்ட்ரோக் இன்ஜின். கொஞ்சம் நீலமாகப் புகைத்தது. "எங்கட பம் இண்டைக்குச் சுருட்டுக் குடிக்கிது" என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனாலும் ஓடி முடித்தது. கலந்த பெற்றோலை ஒரு தடவை குடித்தால் அப்படியான இன்ஜினுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பிளக்கில் கரி பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பெற்றோல் என்றால் பெற்றோல்.

எங்கள் ஊரில் வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. நோன்புக் கஞ்சி வந்த சட்டியில் நாலு வாழைப்பழமாவது வைத்துத்தான் போகும். ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு பிடி சீனியாவது போடுவார்கள். சீனித்தம்பி காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு கட்டை, அதாவது நாலு மைல், தூரம் பெற்றோல் ஷெட்டுக்குப் போய், கேனில் பெற்றோல் எடுக்கக் கமநல சேவை நிலையம் கொடுத்த கடிதத்தைக் காட்டி, அந்தக் கேனை வாய்வரை நிறைத்துக்கொண்டு வந்தார். அஸருக்கு முந்தியே, எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வைத்தார். அடியில் ஒரு கோப்பையளவு பழைய கலவை மிச்சம் இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் ஒயில் கலக்காத பச்சைப் பெற்றோல்.

நதீரா சாச்சி இதைச் சாச்சாவிடம் சொல்லவில்லை. மறந்து அல்ல. கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் கொடுத்த நன்மை அழிந்துவிடும் என்று சின்ன வயதில் குர்ஆன் மதரஸாவில் படித்தவர். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததைப் புருசனிடம்கூடச் சொல்ல மாட்டார். அதுவும் குறையாமல் திரும்பி வந்த பொருளை.

சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கெடு, மழை விடும்வரை காத்திருக்க வழியில்லை. மெசினின் பெற்றோல் தாங்கியில் புதன்கிழமைக் கலவை மிச்சம் இருந்தது. அதிலேயே சாச்சா போடியார் காணியில் முதல் ஒன்றரை ஏக்கரை முடித்தார். நான் வாய்க்காலில் தண்ணீர் அள்ளி மருந்து கரைத்துக் கொடுத்தேன். பெற்றோல் முடிந்ததும் வரம்புக்கு வந்தார். மழைத்துளி விழாமல் நான் உரப்பையை விரித்துப் பிடிக்க, புனலில் துணியை வைத்து, கேனைச் சரித்து ஊற்றினார். பல மாதம் ஒயில் ஊறிய துணி அது. எதை ஊற்றினாலும் நீலமாகத்தான் தெரியும். மணமும் ஒயில் மணம்தான்.

இருபது நிமிடம் நன்றாகப் போனது. பிறகு இன்ஜினின் சத்தம் மாறியது. தொண்டையை யாரோ மெல்ல நெரிப்பது போலக் குரல் ஒடுங்கி உயர்ந்தது. எனக்கு வரம்பிலேயே கேட்டது. சாச்சாவின் வலது காதுக்குக் கேட்கவில்லை. அவர் மெசினின் நடுக்கத்தை முதுகால் உணர்கிறவர். நடுக்கம் குறைந்ததும் நின்று, அக்ஸிலேட்டரைக் கூட்டினார். அதுதான் கடைசி. ஒரு சொடுக்கு. நின்றுவிட்டது.

வரம்பில் இறக்கி வைத்துக் கயிற்றை இழுத்தார். கயிறு அசையவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார். சிலிண்டர்மேல் விழுந்த தூறல் சுர்ரென்று ஆவியாகிப் போனது.

"சூடாகிட்டு. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஆறிய பின்னும் கயிறு அசையவில்லை.

கல்முனையில் ஹாதிக்கின் கராஜுக்குக் கொண்டுபோனோம். சின்ன இன்ஜின்களுக்கு அந்தப் பக்கத்தில் அவன்தான் பெயர்போனவன். முப்பது வயதுகூட இல்லை. எதையும் பகிடியாகத்தான் சொல்வான். இன்ஜினின் தலையைக் கழற்றி, பிஸ்டனைத் தட்டி வெளியே எடுத்து, விளக்கின் கீழ் பிடித்தான். வழுவழுப்பாக இருக்க வேண்டிய பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டியது போல ஆழமான கோடுகள். ரிங் பிஸ்டனோடு ஒட்டிப்போயிருந்தது.

"காக்கா, இது மௌத்து. ஜனாஸா எப்ப எடுக்கிற?"

அந்தச் சாவுப் பகிடிக்குச் சாச்சா சிரிக்கவில்லை. ஹாதிக் குரலைத் தணித்தான்.

"ஒயில் இல்லாம ஓடியிரிக்கி காக்கா. வெறும் பெற்றோல் ஊத்திட்டீங்க."

"பதினொரு வருசமா நான் வெறும் பெற்றோல் ஊத்தினதில்ல."

"எல்லாரும் இதத்தான் சொல்ற. இஞ்ச பாருங்க." பக்கத்தில் கிடந்த ஒரு வோட்டர் பம்மைக் காலால் திருப்பிக் காட்டினான். "இது போர் ஸ்ட்ரோக். அடில மூடி இரிக்கி, கழட்டினா கோல் வரும், கோல்ல ஒயில் தெரியும். இதுக்கு வகுத்துக்குள்ள சொந்தமா ஒயில் கிடக்கு. பெற்றோல மட்டும் ஊத்தினாப் போதும். உங்கட மெசின்ல அப்படி மூடி எங்கயாவது இரிக்கா? இல்ல. இது ஏழை. பெற்றோலோட வாற ஒயிலத்தான் திங்கும். அது வராட்டி தன்னையே திங்கும்."

"எனக்கு நீ சொல்லித் தர வேணாம் தம்பி. நான் கலந்தன். கோட்டுக்குக் கோடு கலந்தன்."

"அப்ப ஒயில் பிழையாயிரிக்கும்" என்றான் ஹாதிக், விட்டுக்கொடுக்கிற மாதிரி. அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சாச்சா பிடித்துக்கொண்டார்.

இந்த மொடலுக்குப் பிஸ்டனும் சிலிண்டரும் இப்போது வருவதில்லை என்றான். வேறு கம்பனிச் சாமான் அளவு ஒத்துவராது. கொழும்பில் பழைய மெசின் உடைக்கிற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஒரு மாதம் ஆகும், கிடைத்தாலும் நிச்சயமில்லை. சாச்சா "ஒரு மாசம்" என்று ஒரு தடவை சொன்னார். இருபத்துநாலு ஏக்கரில் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்தான் முடிந்திருந்தது.

வரும் வழியில் இறக்காமம் சந்தியில் நிற்பாட்டச் சொன்னார். இன்பாஸின் கடை. ஒயில் எப்போதும் அங்கேதான் வாங்குவார். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சாச்சா கேட்டார்.

"இன்பாஸ், கள்ள ஒயில் எப்ப இருந்து விக்கிறாய்?"

"என்ன காக்கா கதைக்கிறீங்க?"

"என்ட மெசின் போச்சி. ஒயில்தான் பிழை எண்டு கராஜ்ல சொல்லிட்டான்."

இன்பாஸ் தட்டிலிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். சீல் உடைக்காதவை. ஒன்றை உடைத்துத் தன் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து நீட்டினான். "பாருங்க. அல்லாவுக்காகப் பாருங்க. என்ட வாப்பாட காலத்திலிருந்து இந்தக் கடை நடக்கு."

"வாப்பா நல்ல மனிசன்" என்றார் சாச்சா. அது ஏசியதை விட மோசமாக விழுந்தது. நின்றவர்களில் ஒருவர் வாங்கிய ஒயிலை மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, முற்றத்தில் மெசினை இறக்கி வைத்தபடி இதையெல்லாம் சாச்சியிடம் சொன்னார். இன்பாஸ் என்ற பெயரைக் கேட்டதும் சாச்சி கையிலிருந்த சுளகை வைத்துவிட்டார்.

"இன்பாஸை ஏசினீங்களா? ஆக்களுக்கு முன்னாலயா?"

"ஏசாம?"

"யா அல்லாஹ். இஞ்ச பாருங்க. வெள்ளிக்கிழம சீனித்தம்பி காக்கா கேனை எடுத்திட்டுப் போனவரு. பம்முக்கு. மறுகா நிறைச்சித்தான் கொண்டுவந்து வெச்சவரு."

சாச்சா திரும்பி அடுக்களைப் பக்கம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் சொல்லல்ல?"

"குடுத்தத எப்படிச் சொல்லிக் காட்டுற?" என்றார் சாச்சி. "அவரு குறையாமத்தானே தந்தவரு. நிறைச்சித்தானே தந்தவரு."

நான் எழுந்து போய்க் கேனிலிருந்ததைக் கொஞ்சம் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற நீலம்.

அடுத்த நாள் காலை சீனித்தம்பி காக்கா வந்தார். மெசின் நின்றுபோன செய்தி அவருக்கும் போயிருந்தது. ஒரு பையில் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தார். மெசினுக்குப் பக்கத்தில் குந்தி, அதன் தலையைத் தடவிக்கொடுத்தார், மாட்டைத் தடவுவது போல.

"கண்ணூறு மச்சான். வேற ஒண்டுமில்ல. போடியார்ர காணி உனக்குக் கிடைச்சதும் எவன்ட கண்ணோ பட்டிட்டு."

"இரிக்கும்" என்றார் சாச்சா.

"அண்டைக்கு உன்ட கேன் இல்லாட்டி என்ட வயல் அழுகியிரிக்கும். அல்லா உனக்கு வேற வழி வெச்சிரிப்பான். பெற்றோல் தேவையெண்டா கேளு, நான் போய் நிறைச்சிட்டு வாறன். அந்த ஷெட்ல நல்ல பெற்றோல் மச்சான், தண்ணி கலப்பில்ல."

நான் வாயைத் திறந்தேன். சாச்சா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஓம் மச்சான்" என்றார். "நல்ல பெற்றோல்தான்."

சீனித்தம்பி காக்கா போன பிறகு நான் கோபத்தோடு கேட்டேன், ஏன் மறைக்க வேண்டும், தெரியாமல் செய்ததுதானே, சொன்னால் என்ன என்று.

"சொன்னா அவன் தன்ட பம்மை வித்துக் காசோட வந்து நிப்பான். ரெண்டு வீட்டிலயும் மெசின் இல்லாமப் போகும். பேசாம இரி மகன்."

பதினொரு மணிக்குப் போடியார் கோல் எடுத்தார். மிகவும் மரியாதையாகக் கதைத்தார். நாளைக்கு ட்ரோன்காரர் வருகிறார்கள் என்றார். சாச்சா போனை இடது காதில் வைத்து "ஓம் போடியார், ஓம் போடியார்" என்று மட்டும் சொன்னார். ட்ரோன் வந்து மேலிலையில் தெளித்துவிட்டுப் போனது. சாச்சா சொன்னபடியேதான் ஆயிற்று. இரண்டு வாரத்தில் போடியாரின் காணியில் பத்துப் பதினைந்து இடத்தில் நெல் கருகி வட்டம் விழுந்தது. போடியார் அதற்கு ட்ரோனைக் குறை சொல்லவில்லை. பாவாவை நம்பி இரண்டு நாள் பிந்திவிட்டது என்றுதான் சொல்லித் திரிந்தார்.

இன்பாஸிடம் மன்னிப்புக் கேட்கச் சாச்சா தனியாகத்தான் போனார். என்ன காரணம் என்று அவன் கேட்டிருக்கிறான். சீனித்தம்பியின் பெயரைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்ல முடியாது. "என்ட பிழை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பதினொரு வருடம் கோடு பார்த்துக் கலந்த மனிதன் திடீரென்று எப்படிப் பிழை விடுவான்? இன்பாஸ் நம்பவில்லை. ஊரைச் சமாளிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "சரி காக்கா, போங்க" என்று சொல்லிவிட்டான். பள்ளிவாசலில் ஒரே ஸப் வரிசையில் நின்று தொழுதாலும் இன்றுவரை இருவரும் முகம் பார்ப்பதில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஹாதிக் கோல் எடுத்து, கொழும்பிலும் இல்லை என்றான்.

இந்தச் சிறுபோகத்தில் சாச்சா கைத்தாங்கி சுமக்கிறார். சொந்தமானதல்ல. யார் கூப்பிடுகிறார்களோ அவர்களுடைய தாங்கி, அவர்கள் சொல்லும் நேரம், நாளுக்கு ஓர் ஏக்கர், சில நாள் அதுவுமில்லை. காலையில் வேலை கேட்டு நாலு வாசலில் நின்று ஸலாம் சொல்கிறார். சாச்சி அந்தப் பழைய கேலியை இப்போது சொல்வதில்லை. றிப்னா தையல் வகுப்பில் சேரப் போவதாகச் சொல்கிறாள். உயர்தரம் பற்றி நான் கேட்டால் வேறு கதை கதைக்கிறாள். சீனித்தம்பி காக்கா ஒருநாள் சாச்சாவைத் தன் வயலுக்கே கூலிக்குக் கூப்பிட்டார், உதவி செய்கிற எண்ணத்தோடு. சாச்சா போய் அடித்தார். மத்தியானம் இருவரும் ஒரே வரம்பில் இருந்து சாப்பிட்டார்கள்.

வழியில் ஆட்கள் கேட்கிறார்கள், "பாவா காக்கா, மெசின் எங்க?"

"சூடாகிட்டு" என்கிறார். "ஆற வெச்சிரிக்கன்."

ஏழு மாதமாகிறது.